அம்மாவும் வந்த இண்டர்வியூ

தபால்தலை சேகரிக்கும் பழக்கம் எனக்கு எந்தக் காலத்திலும் இருந்ததில்லை. எங்கள் வீட்டுக்குக் கடிதம் வந்தால்தானே தபால்தலை வரும். ஆனாலும் 2008-ஆம் வருஷம் ப்ளஸ் டூ முடித்த கையோடு நான் எடுத்த முதல் பயோடேட்டாவில், பொழுதுபோக்கு என்ற இடத்துக்கு நேரே, ஸ்டாம்ப் கலெக்‌ஷன் என்று ஆங்கிலத்தில் கொட்டை எழுத்தில் அச்சாகியிருந்தது. எனக்கு மட்டும் என்றால் பரவாயில்லை. என் வகுப்பில் பயோடேட்டா எடுத்த அத்தனை பெண்களும் அந்த வருஷம் ஸ்டாம்ப் சேகரித்துக்கொண்டிருந்தார்கள்.

எல்லாம் சிதம்பரம் மேலவீதியில் இருந்த ஒரு டி.டி.பி. கடையின் உபயம். கல்யாணப் பத்திரிகை, கண்ணீர் அஞ்சலி, வாடகை ஒப்பந்தம் எல்லாம் அடிக்கிற கடை. கடைக்காரர் தன் கம்ப்யூட்டரில் ஒரு பயோடேட்டாவைத் தயாராக வைத்திருந்தார். அதை முதன்முதலில் யாருக்காக அடித்தார் என்று அவருக்கே நினைவில்லை. நாம் போய் உட்கார்ந்தால் பெயர், அப்பா பெயர், பிறந்த தேதி, மார்க், விலாசம் இவற்றை மட்டும் மாற்றுவார். மீதி எல்லாம் எல்லோருக்கும் பொது. குறிக்கோள் பொது, பொழுதுபோக்கு பொது, மேற்கண்ட தகவல்கள் யாவும் உண்மை என்று கடைசியில் வருகிற உறுதிமொழியும் பொது.

நான் சண்டை போட்டேன். எனக்கு அப்போதும் சரி, இப்போதும் சரி, கோபம் மூக்கு நுனியில்தான். ஸ்டாம்ப்பை எடுத்துவிட்டு டெய்லரிங் என்று போடுங்கள், அதுவாவது எனக்குக் கொஞ்சம் தெரியும் என்றேன். அவர் திரையிலிருந்து கண்ணை எடுக்காமல், ஸ்டாம்ப் இருந்தால்தான் பயோடேட்டா பார்க்க பயோடேட்டா மாதிரி இருக்கும், டெய்லரிங் போட்டால் வீட்டில் கஷ்டம் என்று நினைத்துக்கொள்வார்கள் என்றார். எனக்குப் பின்னால் இன்னும் பெண்கள் காத்திருந்தார்கள். முணுமுணுத்துக்கொண்டே வாங்கிக்கொண்டு வந்துவிட்டேன்.

வேலை என்னவென்றால், சென்னைக்கு வெளியே செல்போன் தயாரிக்கும் ஒரு தொழிற்சாலை. அந்த வருஷங்களில் அப்படிப்பட்ட கம்பெனிக்காரர்கள் ஊர் ஊராக வந்து ப்ளஸ் டூ முடித்த பெண்களை வேலைக்கு எடுத்துக்கொண்டு போனார்கள். தங்குவதற்கு விடுதி, சாப்பாடு, ஷிஃப்டுக்கு அழைத்துப்போக வேன் எல்லாம் உண்டு. ரிசல்ட் வந்த வாரம் எங்கள் பள்ளி நோட்டீஸ் போர்டில் அறிவிப்பை ஒட்டினார்கள். அதைப் படித்த நிமிஷத்திலிருந்து எனக்கு வேறு நினைப்பே இல்லை.

அண்ணன் பாலிடெக்னிக்கில் படித்துக்கொண்டிருந்தான். அப்பா லாரி டிரைவர். அம்மா சத்துணவுக் கூடத்தில் சமையல். வீட்டில் ஒரு நேரத்தில் ஒருவரைத்தான் படிக்கவைக்க முடியும் என்பது எனக்கும் தெரியும். அதில் யார்மேலும் எனக்கு வருத்தமில்லை. ஆனால் அண்ணன் முடிக்கும்வரை நான் வீட்டில் சும்மா உட்கார்ந்திருந்தால் யாரும் என்னைச் சும்மா விடமாட்டார்கள். அம்மாவின் தம்பி, எங்கள் மாமா, ஏற்கெனவே என் ஜாதகத்தைக் கேட்டுவிட்டுப் போயிருந்தார். வேலைக்குப் போனால் என் சம்பளத்தில் தபால் வழியில் பி.காம். படிக்கலாம், கல்யாணப் பேச்சையும் தள்ளிப்போடலாம். அந்த வேலை கிடைக்காவிட்டால் எனக்கு வேறு வழி எதுவும் கண்ணுக்குத் தெரியவில்லை.

அறிவிப்பின் கடைசியில்தான் சிக்கல் இருந்தது. பெண்ணுடன் அப்பாவோ அம்மாவோ கட்டாயம் வரவேண்டும், அவர்களிடமும் பேசுவோம், அவர்கள் சம்மதித்துக் கையெழுத்துப் போட்டால்தான் வேலை என்று போட்டிருந்தார்கள். அப்பா வரமுடியாது. பண்ருட்டியிலிருந்து பலாப்பழம் லோடு லோடாக வெளியூர் போகிற மாசம் அது. எங்கிருந்தோ போன் செய்தவரிடம் விஷயத்தைச் சொன்னதற்கு, உங்கம்மா என்ன சொல்கிறாளோ அதுதான் என்று சொல்லி வைத்துவிட்டார். சத்துணவுக் கூடத்துக்கு மே மாதம் லீவு என்பதால், வேலை இருக்கிறது என்று சொல்லித் தட்டிக்கழிக்க அம்மாவுக்கும் வழியில்லை. வருகிறேன் என்று ஒத்துக்கொண்டாள். ஆனால் வருவது வேறு, கையெழுத்துப் போடுவது வேறு.

மாமா ஒருநாள் வந்து, வயசுப் பெண்ணை வெளியூரில் விட்டுவிட்டு இங்கே நிம்மதியாகத் தூங்க முடியுமா என்று அம்மாவிடம் கேட்டுவிட்டுப் போனார். அனுப்புவாயா மாட்டாயா என்று நான் கேட்கும்போதெல்லாம் "பாக்கலாம்" என்பாள். எங்கள் வீட்டில் பாக்கலாம் என்பதற்குச் சரி என்றும் அர்த்தமில்லை, இல்லை என்றும் அர்த்தமில்லை. அந்த ஒற்றை வார்த்தையை வைத்தே அம்மா எங்களை வருஷக்கணக்கில் ஓட்டியிருக்கிறாள்.

இண்டர்வியூவுக்கான பயிற்சி நடந்தது எங்கள் ஊர் வண்டிகேட் பக்கத்தில், என் தோழி வீட்டு மொட்டைமாடியில். அவளும் அதே இண்டர்வியூவுக்கு வருகிறாள். எங்களுக்குச் சொல்லிக்கொடுக்க யாருமில்லை. அவளுடைய அக்கா எப்போதோ வாங்கிய, அட்டை கிழிந்த கேள்வி பதில் புத்தகம் ஒன்றுதான் துணை. வெயில் தாழ்ந்ததும் ஒரு பிளாஸ்டிக் நாற்காலியைப் போட்டுக்கொள்வோம். ஒருத்தி அதிகாரி, ஒருத்தி வேலை கேட்டு வந்தவள். அதிகாரியாக இருப்பவள் தோழியின் அப்பாவுடைய மூக்குக்கண்ணாடியைப் போட்டுக்கொள்ள வேண்டும். அதைப் போட்டால் எதிரே நிற்பவள் மங்கலாகத்தான் தெரிவாள். இருந்தாலும் கழற்றமாட்டோம், அதில்தான் அதிகாரமே இருந்தது.

கதவைத் தட்டி "மே ஐ கம் இன்" கேட்பது, உட்காரச் சொல்லும்வரை நிற்பது, கையை மடியில் வைத்துக்கொள்வது எல்லாம் சீக்கிரமே வந்துவிட்டது. மாடியில் கதவில்லாததால் தண்ணீர்த் தொட்டியைத் தட்டினோம். உன்னைப் பற்றிச் சொல் என்றால் இருவரும் மூச்சுவிடாமல் ஆங்கிலத்தில் ஒப்பிப்போம். மாட்டிக்கொண்டது வேறு இடத்தில். உன்னிடம் உள்ள நல்ல குணங்கள் என்ன என்று ஒரு கேள்வி. புத்தகத்தில் பதில் இருந்தது. கடின உழைப்பு, தன்னம்பிக்கை, எல்லோருடனும் ஒத்துப்போவது. படித்தால் புரிகிறது, வாயால் சொல்லத்தான் வரவில்லை. நான் கடின உழைப்பாளி என்று ஆரம்பிப்பேன், சிரிப்பு வந்துவிடும். அவளுக்கும் அதே கதைதான். கெட்ட குணங்கள் என்ன என்ற கேள்விக்கு மட்டும் எங்களிடம் பதில் கொட்டிக்கிடந்தது.

இதில் ஆச்சரியப்பட ஒன்றுமில்லை. மார்க் என்ன என்று யாராவது கேட்டால், நல்ல மார்க் என்றாலும் "ஏதோ வந்துச்சு" என்று சொல்லப் பழகிய பிள்ளைகள் நாங்கள். தன்னைத்தானே மெச்சிக்கொள்கிற பெண்ணைப் பற்றி ஊரில் என்ன பேசுவார்கள் என்று கேட்டே வளர்ந்தவர்கள். அப்படியெல்லாம் வளர்த்துவிட்டு, ப்ளஸ் டூ முடித்ததும் உன் பெருமையை நீயே வரிசையாகச் சொல் என்றால் நாங்கள் எங்கே போவோம்? பள்ளிக்கூடத்தில் இதற்கும் ஒரு பாடம் வைத்திருக்கலாம்.

கடைசியில் ஒரு வழி கண்டுபிடித்தோம். என்னுடைய நல்ல குணத்தை அவள் சொல்வது, அவளுடையதை நான் சொல்வது, பிறகு அதையே மனப்பாடம் செய்துகொள்வது. அவளைப் பற்றி எனக்கு மளமளவென்று வந்தது. என்னைப் பற்றி அவள் சொன்னது: "கோவக்காரி. ஆனா ஒரு வேலய எடுத்தா முடிக்காம வுடமாட்டா." முதல் வார்த்தையைப் பிடித்துக்கொண்டு நான் மூஞ்சியைத் தூக்கி வைத்துக்கொண்டேன். அவளும் சமாதானம் சொல்லவில்லை, அவள் சொன்னதை நானே நிரூபித்துக்கொண்டிருப்பதை வேடிக்கை பார்த்தாள். கோபம் ஆறியதும் இரண்டாவது பாதியை மட்டும் ஆங்கிலமாக்கி எடுத்துக்கொண்டேன்.

எனவே நான் ஒருமாதிரி தேறிவிட்டேன். பயமெல்லாம் அம்மாவை நினைத்துத்தான்.

அம்மாவுக்கு எதையும் நல்லது என்று வாய்விட்டுச் சொல்ல வராது. சொன்னால் கண் பட்டுவிடும். என் முடி நீளமாக இருக்கிறதே என்று யாராவது சொன்னால், "எங்க, எல்லாம் கொட்டிப்போச்சு" என்பாள். அப்பா ஓட்டுகிற லாரி புதுசு, ஆனால் அம்மா வாயில் அது ஓட்டை வண்டி. குழம்பு மணக்கிறது என்று பக்கத்து வீட்டில் சொன்னால், உப்பு ஜாஸ்தியாகிவிட்டது என்று அடித்துச் சொல்வாள். அண்ணன் பத்தாவதில் பள்ளியிலேயே இரண்டாவதாக வந்ததைக்கூட "ஏதோ பாஸு" என்றுதான் ஊருக்குச் சொன்னாள்.

ஊரார் கண்ணுக்கு மட்டும் அவள் பயந்தாள் என்றில்லை. பெற்றவள் கண்தான் முதலில் படும் என்று நம்பினாள். தீபாவளிக்கு நாங்கள் புதுத்துணி உடுத்திக்கொண்டு எதிரே போய் நின்றால், ஒரு பார்வை பார்த்துவிட்டு உடனே அடுப்பைக் கவனிக்கத் திரும்பிவிடுவாள். சின்ன வயதில் அதற்காக நான் அழுதிருக்கிறேன். இந்த அம்மாவை ஒரு அதிகாரிக்கு எதிரே உட்காரவைத்து, உங்கள் பெண் எப்படி என்று அவர் கேட்டால் என் கதி என்ன?

அதனால் அம்மாவுக்கும் பயிற்சி கொடுக்கத் தீர்மானித்தோம். தோழி ஒருநாள் கண்ணாடியோடு எங்கள் வீட்டுக்கே வந்தாள். அம்மா கீரை ஆய்ந்துகொண்டிருந்தாள். தோழி எதிரில் உட்கார்ந்து, உங்கள் மகளைப் பற்றிச் சொல்லுங்கள் என்று அதிகாரக் குரலில் கேட்டாள். அம்மா அவளை ஏற இறங்கப் பார்த்துவிட்டு, "அவளப் பத்தி இன்னா சொல்றது, அதான் நேர்லயே வந்து நிக்கிறாளே" என்றாள். நல்லதாக ரெண்டு வார்த்தை சொன்னால் போதும் ஆன்ட்டி என்று தோழி கெஞ்சினாள். காலையில் சீக்கிரம் எழுந்திருப்பாள், பொறுப்பான பெண் என்று சொல்லுங்கள் என்று நான் எடுத்துக்கொடுத்தேன். அம்மா கீரையைத் தூக்கிக்கொண்டு, பாக்கலாம் என்று சமையற்கட்டுக்குள் போய்விட்டாள்.

இண்டர்வியூ கடலூரில், மஞ்சக்குப்பத்தில் ஒரு கல்யாண மண்டபத்தில். அதைக் கேட்டதுமே அம்மா பெட்டியைத் திறந்து பட்டுப்புடவையை எடுத்துவிட்டாள். மண்டபத்துக்குச் சாதாரணப் புடவையில் எப்படிப் போவது என்பது அவள் கேள்வி. காலை வெயிலில் புதுச்சத்திரம், ஆலப்பாக்கம் என்று பஸ் நின்று நின்று போக, பட்டுப்புடவையில் வேர்த்து வழிந்துகொண்டு வந்தாள். போய்ப் பார்த்தால் அங்கே பாதி அம்மாக்கள் பட்டில்தான் இருந்தார்கள். பெண்கள் தலையில் மல்லிகை. வாசல் மேஜையில் ஒரு ஆள் ரிஜிஸ்டரோடு உட்கார்ந்திருந்தார். அம்மாவின் கண் அந்த மேஜையில் சந்தனக் கிண்ணத்தைத் தேடியதை நான் பார்த்தேன்.

முதலில் பரிசோதனைகள். நிறங்கள் சரியாகத் தெரிகிறதா என்று படங்களைக் காட்டினார்கள். ஒரு பலகையிலிருந்த சின்னச் சின்னத் துளைகளில் சின்னச் சின்ன ஊசிகளைச் செருகச் சொன்னார்கள். என் விரல்கள் அதை விளையாட்டாகச் செய்தன. தோழியை எனக்கு முன்பே கூப்பிட்டார்கள். திரும்பி வந்தவள் முகத்தில் சிரிப்பும் அழுகையும் கலந்திருந்தது. எந்தெந்த நாட்டு ஸ்டாம்ப் வைத்திருக்கிறாய் என்று கேட்டுவிட்டார்களாம். இவள் பதறிப்போய், அப்பா ஆபீஸில் ரெவின்யூ ஸ்டாம்ப் நிறைய இருக்கிறது என்று சொல்லிவிட்டாளாம். ஆனால் அவளை எடுத்துக்கொண்டார்கள். அவள் அப்பா மறுபேச்சில்லாமல் கையெழுத்துப் போட்டுவிட்டார். எனக்குச் சந்தோஷமாக இருந்தது, கண் மட்டும் தானாக அம்மா பக்கம் போனது.

இண்டர்வியூ நடந்தது மணமேடையிலேயே. முந்தின நாள் கல்யாணத்தின் அலங்காரத்தைப் பாதி பிய்த்துவிட்டு, முன்னால் மேஜைகளைப் போட்டிருந்தார்கள். எங்களைக் கூப்பிட்ட அதிகாரி ஒரு பெண். சுடிதாரும் கழுத்தில் அடையாள அட்டையுமாக, என் அம்மாவைவிட வயதில் சின்னவர். நான் கற்றபடி ஆங்கிலத்தில் ஒப்பித்தேன். எடுத்த வேலையை முடிக்காமல் விடமாட்டேன் என்பதையும் சிரிக்காமல் சொல்லிவிட்டேன். ஸ்டாம்ப்பைப் பற்றி அவர் கேட்கவே இல்லை, அலுத்துப்போயிருக்கும். நல்லது என்று தலையாட்டிவிட்டு அம்மா பக்கம் திரும்பினார்.

"பொண்ணு எப்படிம்மா? வேலையெல்லாம் நல்லா செய்வாளா?"

அம்மா புடவையைச் சரிசெய்துகொண்டாள். "எங்க மேடம். சின்னப் பொண்ணு, ஒண்ணுந் தெரியாது. நீங்கதான் பாத்து சொல்லிக் குடுக்கணும்."

மணமேடையில், பட்டுப்புடவையில் உட்கார்ந்துகொண்டு, மாப்பிள்ளை வீட்டாரிடம் சொல்வதை அப்படியே அட்சரம் பிசகாமல் சொன்னாள். அந்த மேடம் சிரித்தேவிட்டார். நாங்கள் பெண் பார்க்க வரவில்லை அம்மா, வேலைக்கு ஆள் எடுக்க வந்திருக்கிறோம் என்றார். காலை ஆறு மணிக்கு ஷிஃப்ட், பெண் எழுந்துவிடுவாளா என்று கேட்டார். எழுப்பினால்தான் எழுந்திருப்பாள், பொழுதன்றைக்கும் தூக்கம்தான் என்றாள் அம்மா. பொறுமை உண்டா என்றார். பொறுமையா, தொட்டதுக்கெல்லாம் கோபம் என்றாள். கையில் எடுத்ததை உடைக்காமல் வைப்பாளா என்று அவர் கேட்டதற்கு, அம்மா என்னைப் பாவமாக ஒரு பார்வை பார்த்துவிட்டு உதட்டைப் பிதுக்கினாள்.

என்னால் தாங்கமுடியவில்லை. நாற்காலி, மேடை, மடியில் வைத்த கை எல்லாம் மறந்துபோயிற்று.

"விடியக்காலையில குழாயில தண்ணி வருதே, அத யாரும்மா புடிக்கிறது? நீயா புடிக்கிற?" என்றேன்.

தண்ணி பிடிப்பது ஒரு வேலையா என்றாள் அம்மா. அண்ணனுக்கு டிபன் கட்டுவது யார் என்றேன். போன வருஷம் நீ காய்ச்சலில் படுத்திருந்தபோது சத்துணவுக் கூடத்தில் உன் இடத்தில் போய் நின்றது யார், அத்தனை பிள்ளைகளுக்கும் முட்டை உரித்தது யார் என்று கேட்டேன். குரல் உயர்ந்துகொண்டே போனது. கீழே வரிசையில் உட்கார்ந்திருந்தவர்கள் எல்லோரும் மேடையைத்தான் பார்த்துக்கொண்டிருந்தார்கள்.

"ரெண்டு முட்டய ஒடச்சிட்ட" என்றாள் அம்மா.

"ஒண்ணுதான். அதுவும் வேகும்போதே வெடிச்சது."

அப்போதுதான் எனக்குச் சுயநினைவு வந்தது. இரண்டு வாரமாக மொட்டைமாடியில் தண்ணீர்த் தொட்டியைத் தட்டித் தட்டிப் படித்ததெல்லாம் போய், அதிகாரிக்கு எதிரில் பெற்ற தாயோடு முட்டைக்குச் சண்டை போட்டுக்கொண்டிருக்கிறேன். வேலை போயிற்று என்று முடிவு செய்துவிட்டேன். தலையைக் குனிந்துகொண்டு சாரி மேடம் என்றேன்.

அவர் சாரியைக் காதில் வாங்கவில்லை. அத்தனை முட்டையை உடையாமல் எப்படி உரித்தாய் என்று தமிழிலேயே கேட்டார். நானும் தமிழிலேயே சொன்னேன். வெந்ததும் பச்சைத் தண்ணீரில் போடவேண்டும், அடிப்பக்கம் லேசாகத் தட்டவேண்டும், பிறகு உள்ளங்கைக்கும் தரைக்கும் நடுவே ஒரு உருட்டு, ஓடு தோலோடு கழன்று வந்துவிடும். அங்கே வேலைபார்க்கும் இன்னொரு ஆயா முதலில் என்னை நம்பவில்லை, பிறகு அவரும் அப்படியே உரிக்க ஆரம்பித்துவிட்டார் என்றேன். நான் பேசிமுடிக்கும்வரை அவர் கேட்டுக்கொண்டிருந்தார். என் பயோடேட்டாவின் ஓரத்தில் ஏதோ எழுதினார். பிறகு ஒரு தாளை எடுத்து அம்மா பக்கம் நகர்த்தினார்.

"நாங்க எடுத்துக்கிறோம்மா. இனிமே உங்க சம்மதம்தான்."

அம்மா பேனாவைத் தொடவில்லை. விடுதியில் ஒரு அறைக்கு எத்தனை பெண்கள் என்று கேட்டாள். ராத்திரி ஷிஃப்ட் முடிந்தால் வேன் வாசல்வரை வருமா, தெருமுனையில் இறக்கிவிடுமா என்று கேட்டாள். உடம்பு சரியில்லாமல் போனால் யார் பார்ப்பார்கள் என்று கேட்டாள். சாப்பாட்டு விஷயத்தில்தான் அந்த மேடம் திணறிப்போனார். ஒரு வேளைக்கு எத்தனை பேருக்குச் சமைக்கிறார்கள், பருப்பைத் தனியாக வேகவைக்கிறார்களா, சாம்பார் மீந்தால் மறுநாள் ஊற்றுகிறார்களா என்றெல்லாம் தன் தொழில்முறையில் அம்மா கேட்டுக்கொண்டே போனாள். தெரிந்ததற்கு அவர் பதில் சொன்னார், தெரியாததற்குக் கேட்டுச் சொல்கிறேன் என்றார். கேள்விகள் தீர்ந்த பிறகும் அம்மா கையெழுத்துப் போடவில்லை. மாமா கேட்டுவிட்டுப் போன கேள்வி அவள் மனதில் ஓடுகிறது என்று எனக்குத் தெரிந்தது. இந்த இடத்தில் அவள் பாக்கலாம் என்று சொல்லிவிட்டால் எல்லாம் முடிந்தது.

அந்த மேடம்தான் மறுபடி பேசினார். "இவ்ளோ நேரம் பொண்ணப் பத்திக் குறையாவே சொன்னீங்க. நல்லதா ஒண்ணே ஒண்ணு சொல்லுங்கம்மா, கேட்டுக்கிறேன்."

அம்மா என் பக்கம் திரும்பினாள். தலையிலிருந்து கால்வரை என்னைப் பார்த்தாள். வழக்கமாக உடனே வேறு பக்கம் போய்விடுகிற கண், அன்றைக்குப் போகவில்லை.

"அத நா சொல்லமாட்டேன் மேடம். உங்ககிட்டதான வரப்போறா, நீங்களே பாத்துக்குங்க" என்றாள். பேனாவை எடுத்துக் கையெழுத்தைப் போட்டாள்.

நான் அழுதுவிட்டேன். சந்தோஷத்தில்தான். மேடையிலிருந்து இறங்கி வாசலைத் தாண்டும்வரை அம்மா என்னைத் திட்டிக்கொண்டே வந்தாள். நாலு பேருக்கு எதிரில் பெற்றவளை எதிர்த்துப் பேசுவாயா, அங்கே போயும் இப்படிப் பேசிவைக்காதே என்றாள். சரிம்மா, சரிம்மா என்று நான் கண்ணைத் துடைத்துக்கொண்டே பின்னால் போனேன். அப்படிச் சந்தோஷமாக அதற்கு முன்னால் நான் யாரிடமும் திட்டு வாங்கியதில்லை.

திரும்பும் பஸ்ஸில் எங்களுக்கு உட்கார இடம் கிடைத்தது. அம்மாவுக்கு ஜன்னலோரம். பஸ் ஊரைத் தாண்டுவதற்குள் தூங்கிவிட்டாள். நான் அவள் மேடையில் சொன்னதை மனதுக்குள் திரும்பத் திரும்பச் சொல்லிப் பார்த்துக்கொண்டு வந்தேன். என்னிடம் நல்லதாக ஒன்றுமில்லை என்று அவள் சொல்லவில்லை. இருப்பதைச் சொல்லமாட்டேன் என்றுதான் சொன்னாள். எத்தனை இருக்கிறது என்று அவளுக்குத் தெரிந்திருக்கிறது, இத்தனை வருஷமாக ஒவ்வொன்றையும் கண் படாமல் மறைத்து வைத்திருக்கிறாள். புதுச்சத்திரத்தில் கூட்டம் ஏறியது. அம்மாவின் தலை என் தோளில் சாய்ந்தது. சிதம்பரம் வரும்வரை நான் அசையவே இல்லை.